வளைகாப்பில் நான் சொல்லாதது

எங்கள் மகள் பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தாள். இதயத்தில் ஓட்டை, மேலண்ணம் பிளந்திருந்தது, விரல்கள் விரிக்க முடியாதபடி மடங்கியிருந்தன. அவளுக்கு முன்பு இரண்டு கருக்கள் மூன்றாம் மாதத்திலேயே கலைந்திருந்தன. பினாங்குத் தீவில் நாங்கள் குடியிருந்த சுங்கை பினாங் அடுக்குமாடியில் லிஃப்ட்டுக்குக் காத்து நிற்பவர்கள்கூட என் மனைவியைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

மகள் போன பிறகு மருத்துவமனையில் எங்கள் இருவருடைய ரத்தத்தையும் எடுத்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு, என் குரோமோசோம்களின் படத்தை மேசையில் வைத்தார். வரி போட்ட புழுக்கள் போல ஜோடி ஜோடியாக இருந்தன.

"இந்த ரெண்டுலயும் நுனி உடைஞ்சி, ஒண்ணோட துண்டு இன்னொண்ணுல போயி ஒட்டியிருக்கு," என்றார். "உங்களுக்கு மொத்தத்துல எதுவும் கூடல, குறையல. அதனால நீங்க நல்லாயிருக்கீங்க. பிள்ளைக்குப் போறப்ப ஒரு துண்டு கூடுதலாவும் இன்னொண்ணு குறைவாவும் போயிடலாம். பாப்பாவுக்கு அப்படித்தான் ஆயிருச்சி."

"என் வைஃபுக்கு?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல. இது உங்க அப்பாகிட்டேருந்தோ அம்மாகிட்டேருந்தோ வந்திருக்கலாம். கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?"

இருந்தாள். பாலத்துக்கு அந்தப்பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் என் ஒரே தங்கை, ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வளைகாப்பு.

விசேஷம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொன்னேன். ஞாயிறன்று அவள் பாலத்தைக் கடந்து போய்ச் சேரும்வரை பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடியே வந்தாள்.

அலங்கரித்த நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டார்கள். என் மனைவியும் எழுந்து இரண்டு பச்சை வளையல்களை எடுத்தாள். தங்கையின் மாமியார் சிரித்துக்கொண்டே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ இரும்மா. அப்புறம் பாத்துக்கலாம் லா."

கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. மனைவி வளையல்களைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போட்டோ எடுப்பவருக்கு வழிவிடுவதுபோல் நகர்ந்து நின்றுகொண்டேன்.

மறுநாள் தனியாகப் போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை வயிற்றைவிட்டு விலகவே இல்லை.

"ஸ்கேன்ல பாப்பாவோட ஹார்ட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, அண்ணே. அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

அவளும் ரத்தம் கொடுத்தாள். எனக்கிருந்த அதே மாற்றம், அதே இரண்டு குரோமோசோம்களில். குழந்தைக்கும் பரிசோதிக்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு வேண்டாமென்றாள். "தெரிஞ்சி என்ன பண்றது? பொறக்கட்டும்."

ஆண் குழந்தை. நர்ஸ் துணியை விலக்கியபோது நான் முதலில் விரல்களைத்தான் பார்த்தேன். மடங்கியிருந்தன.

வெளியே தங்கையின் மாமியார் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். என் மனைவி பக்கத்தில் நிற்பது தெரிந்தே சொன்னார்: "அன்னிக்கே நெனச்சேன். இவ கையால தட்டு கொண்டாந்தப்பவே மனசுக்குச் சரியில்ல."

"அவ இல்ல, அத்தே," என்றேன். "இது எங்க ரத்தத்துல இருக்கு. எனக்கும் இருக்கு, தங்கச்சிக்கும் இருக்கு. டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு."

இதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்திருந்தது. சொன்னதும் நெஞ்சு லேசானது. அவர் அழுகையை நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கை படுத்திருந்த வார்டின் கதவை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கள் லிஃப்ட் வாசலில் பலமுறை கண்டிருக்கிறேன்.

மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏங்க, இவங்ககிட்டயா சொல்லுவீங்க?"

பிள்ளை பிறந்த மூன்றாம் மாதமே தங்கை அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் கணவர் ஆரம்பத்தில் வாரம் தவறாமல் வந்தார். இப்போது போன்கூட வருவதில்லை. பிள்ளைக்கு ஒன்றரை வயதாகிறது. கழுத்து இன்னும் நிற்கவில்லை. மூக்குக் குழாய் வழியாக அவனுக்குப் பால் கொடுக்க என் மனைவி கற்றுக்கொண்டாள். தங்கை என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

பிள்ளைக்கு இதயத்தில் ஓர் அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்ததற்கு முன் எடை ஏற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் ஏறவில்லை. இந்த மாதம் இறங்கியிருக்கிறது.