கார் எடுத்த அழைப்புகள்

என் வீட்டுக்காரரின் குரலைவிட அவர் கொடுக்கும் மிஸ்டு காலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணம். ஆறாம் மாதமே அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டார். இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் விடுமுறை. முதலில் கடிதம், அப்புறம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டிடி பூத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் காத்திருப்பு. கைபேசி வந்த பிறகுதான் தினமும் ஏதோ ஒன்று என்று ஆனது.

அந்த ஏதோ ஒன்று, இரண்டு ரிங். எனக்குக் காலை எட்டு மணி, அவருக்கு ஆறரை. கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவார். எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன், உன்னை நினைத்தேன் என்ற மூன்றும் அதில் அடக்கம். நான் எடுக்கக் கூடாது. பேச்செல்லாம் அவருக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமைதான். பத்து வருடத்துக்கும் மேலாக எங்கள் குடும்பம் நடந்தது இப்படித்தான்.

ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. டவுன் பஸ்ஸில் தொங்கியது போதும் என்று, இரண்டாயிரத்துப் பத்துவாக்கில் வந்த ஒரு விடுமுறையில் அவர் பழைய கார் ஒன்று வாங்கித் தந்தார். அடுத்த விடுமுறையில் விரலால் தொட்டால் வேலை செய்கிற போன் ஒன்று கொண்டுவந்தார். ஸ்மார்ட்போன் என்ற சொல்லே அப்போது எங்கள் தெருவுக்குப் புதிது. ஓட்டும்போது நான் அதைக் கையில் எடுப்பேன் என்று அவருக்குப் பயம். அதனால் டவுனில் ஒரு கடையில் சிடி செட்டோடு சேர்த்து ப்ளூடூத் பெட்டி ஒன்றும் மாட்டவைத்தார். கண்ணாடிக்கு மேலே குண்டுமணி அளவுக்கு ஒரு மைக். "இனிமே போனைத் தொடாத. பைக்குள்ள போட்டுரு. ரிங் அடிச்சா செட்டுலயே கேக்கும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

அவர் போன மறுநாளிலிருந்து மிஸ்டு கால் வரவில்லை.

முதல் வாரம் செட்டின் மேல்தான் சந்தேகம். அவர் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போன வழிமுறைப்படி எல்லாம் செய்தேன். போனை அணைத்துப் போட்டேன். பட்டியலிலிருந்து அழித்து, மறுபடி தேடி, அது கேட்ட ரகசிய எண்ணாக நான்கு சைபர் அடித்தேன். நீல விளக்கு எரிந்தது, இணைந்துவிட்டது என்று போனும் சொன்னது. காலையில் வாசலில் நின்று இதைத்தான் செய்துகொண்டிருப்பேன். பால்காரர்கூட, "என்ன டீச்சரம்மா, வண்டி கெளம்ப மாட்டேங்குதா?" என்று கேட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மிஸ்டு கால் பட்டியலைத் திறப்பேன். ஒன்றும் இருக்காது.

அடுத்து வந்த சந்தேகம் அவர் மேல். வெள்ளிக்கிழமைப் பேச்சும் சுருங்கிக்கொண்டே வந்தது. "கார்டு தீரப்போகுது, வைக்கட்டுமா?" என்பார். முன்னெல்லாம் வை என்று நான்தான் சொல்லவேண்டியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, "வண்டியில பின்னாடி கீச்சு கீச்சுனு சத்தம் வருமே, மெக்கானிக்கிட்ட காட்டுனியா?" என்று கேட்டார். வண்டியைப் பற்றிக் கேட்க நேரம் இருக்கிறது, இரண்டு ரிங் விட விரல் இல்லை என்று பற்றிக்கொண்டு வந்தது. ஏன் விடுவதில்லை என்று வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. மிஸ்டு காலைக் கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு? தானாக வரவேண்டும். எனக்கு இந்த வீம்பு பிறவியிலேயே உண்டு.

காரில் தனியாகப் போகும்போது செபமாலை சொல்வது என் வழக்கம். சிடியில் மாதா பாட்டு மெல்ல ஓடும், அதன் மேல் நான் சத்தமாகச் சொல்வேன். இடையிடையே காய்கறி லாரிக்காரர்களுக்கும் ஏதாவது கிடைக்கும். "அருள் நிறைந்த மரியே... ஏலே, கண்ணை எங்க வச்சுருக்க?" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். செபமாலையில் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மற்ற பாதியை அடுத்தவர் சொல்லவேண்டும். அவர் விடுமுறையில் இருந்தால் மறுபாதி அவருடையது. கோயிலில் எல்லோரும் 'புனித மரியே' என்கிற புதுச் செபத்துக்கு மாறி எத்தனையோ காலமாகியும், அவர் மட்டும் அவர் அம்மா சொல்லிக்கொடுத்த பழைய வார்த்தைகளில் 'அர்ச்சிஸ்ட மரியாயே' என்று ஆரம்பிப்பார். நான் கேலி செய்வேன். தனியாக இருக்கும்போது இரண்டு பாதியும் நானேதான். எதிராளி இல்லாமல் பல்லாங்குழி ஆடுவது மாதிரி இருக்கும். அந்த மாதங்களில் இரண்டாம் பாதியைச் சொல்லும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. கடைக்குப் போகாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. செட் கெட்டிருந்தால் நல்லது. நன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் வீட்டுக்காரர் என்னை மறந்தது உறுதியாகிவிடும். ஒரு புதன்கிழமை பள்ளி விட்டதும் துணிந்து வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினேன். எதைக் கேட்டும் ஜெபிக்கிற ஆள் நான். அன்று, செட் கெட்டுப்போயிருக்கவேண்டும் என்று ஜெபித்தேன்.

கடைக்காரர் என் போனை வாங்கிப் பார்த்தார். மேலும் கீழும் தள்ளினார்.

"டீச்சர், கனெக்சனெல்லாம் ஆயிட்டுத்தான் இருக்கு. தினமும் காலையில வெளிநாட்டுக் கால் எடுத்துப் பேசிருக்கீங்களே."

"நான் எதையும் எடுக்கலங்க."

"இந்தா பாருங்க. இன்னைக்கு இருபத்தெட்டு நிமிசம். நேத்து அரை மணி நேரம்."

வந்த அழைப்புகளின் பட்டியலாம். அப்படி ஒன்று போனுக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது. மிஸ்டு காலிலேயே வாழ்ந்தவளுக்கு அது எதற்கு? கடைக்காரர் விளக்கிச் சொன்னார். பெட்டியில் ஆட்டோ ஆன்சர் போட்டிருக்கிறது, ரிங் அடித்ததும் கார் தானாகவே எடுத்துவிடும். சிடி ஓடும்போது பெட்டியின் சத்தம் ஸ்பீக்கருக்கு வராதபடி ஒயர் மாட்டியிருக்கிறது. "நம்ம பையன்தான் மாத்தி மாட்டிட்டான் போல. அவுக பேசுனா உங்களுக்குக் கேக்காது. ஆனா மைக் சரியா இருக்கு. நீங்க பேசுனதெல்லாம் அவுகளுக்குக் கேட்டுருக்கும்."

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. ரெண்டு மாசம். லாரிக்காரனைத் திட்டியது, தலைமையாசிரியை மாதிரிப் பேசிக்காட்டியது, ஒருநாள் சிக்னலில் காரணமே இல்லாமல் அழுதது. எல்லாவற்றையும் கமுக்கமாக ஒட்டுக்கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார்! இரண்டையும் சரிசெய்யச் சொன்னேன். கடைக்காரர் ஒயரை மாற்றினார், ஆட்டோ ஆன்சரை எடுத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கார் முழுக்க ரிங் அடித்தது. இரண்டோடு நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். நின்றது, மறுபடி அடித்தது. நான் அன்று செபமாலையும் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமைச் சண்டைக்கு வசனம் தயார் பண்ணிக்கொண்டே போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எம்மேல என்ன கோவம்? நேத்து ஏன் எடுக்கல?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"மொத நாளு நீ எடுத்ததும் எனக்கு ஒண்ணும் புரியல. ஹலோ ஹலோங்குறேன், நீ பாட்டுக்கு வண்டி ஓட்டுற, செபமாலை சொல்ற. அப்பறந்தான் வெளங்குச்சு. பேசுனா பஸ்ஸுல தூங்குற ஆளுக முழிச்சுருவாகன்னு உனக்குத் தெரியும். அதுனாலதான் என்னைய சும்மா பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறன்னு. சொன்னா நீ வெக்கப்பட்டு நிப்பாட்டிருவன்னுதான் நானும் அதைப் பத்திப் பேசல. வண்டி நிக்கிற சத்தம் கேட்டதும் வச்சிருவேன். உனக்கு லீவுனா கூப்புட மாட்டேன், கார்டு அதுக்கே பத்தல."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த அரை மணி நேரம் நான் ஊர்ல இருந்தேன். அதை நிப்பாட்டாத."

நான் எடுக்கவே இல்லை, கார்தான் எடுத்தது, எல்லாம் ஒயரை மாற்றி மாட்டியதால் வந்தது என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? "தலைவலி, அதான் எடுக்கல" என்றேன். கல்யாணமானதிலிருந்து நான் அவரிடம் சொன்ன பொய்களில் அது ஒன்றுக்காக மட்டும் நான் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை.

சனிக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். ஆட்டோ ஆன்சரைத் திரும்பப் போடச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். "சரி பண்ணதை மறுபடியும் கெடுக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதான் டீச்சர்." ஒயரையும் பழையபடி மாற்றவா என்று கேட்டார். அது வேண்டாம், அது இப்படியே இருக்கட்டும் என்றேன்.

திங்கட்கிழமை சிடியைப் போடவில்லை. எட்டு மணிக்கு ஒரு ரிங் அடித்தது, கார் எடுத்தது. ஸ்பீக்கரில் ஒரு பஸ்ஸின் உறுமல் வந்தது. யாரோ குறட்டை விட்டார்கள், யாரோ இருமினார்கள். அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் பார்த்திராத ஒரு சாலை என் காருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பழனி ரோட்டில் திரும்பியதும் செபமாலையைத் தொடங்கினேன். முதல் பாதியைச் சொன்னேன். வழக்கம்போல இரண்டாம் பாதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள், பஸ் சத்தத்துக்கு நடுவே, பக்கத்தில் தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாது என்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு கேட்டது.

"அர்ச்சிஸ்ட மரியாயே..."

எனக்கு ரோடு தெரியவில்லை. ஓரமாக வண்டியை நிறுத்தினேன். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை, அணைத்தால் அவர் வைத்துவிடுவார். அத்தனை நாளும் அவர் தன் பாதியைச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறார். நான்தான் அதையும் சேர்த்துத் தனியாகச் சொல்லி அழுதிருக்கிறேன்.