அப்பாவின் வானிலையும் அம்மாவின் நாடகமும்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது என் பெற்றோரைப் பிரியவிடாமல் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதை எவரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானாகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

அப்போது நாங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு டவுன்ஹவுஸில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஒரு பேக்கரியின் பாண் லொறி ஓட்டினார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் புறப்பட்டு, விடியும்வரை கடை கடையாகப் பாண் இறக்கிவிட்டு, நான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போடும் நேரத்தில் வந்து படுப்பார். அம்மா மருந்துப் போத்தல்களுக்கு மூடி போடும் தொழிற்சாலைக்கு முதல் பஸ்ஸிலேயே போய்விடுவார். அப்பா வரும்போது அம்மா இருக்கமாட்டார். அம்மா வரும்போது அப்பா அப்போதுதான் எழும்பி முகம் கழுவிக்கொண்டிருப்பார். இருவரும் சேர்ந்து விழித்திருப்பது பின்னேரத்தில் மட்டும்தான். அந்தப் பின்னேரத்தையும் சண்டை பிடித்தே கழித்தார்கள்.

சண்டைக்குக் காரணம் ஹோலில் இருந்த ஒற்றைத் தொலைக்காட்சி. அம்மாவுக்குத் தமிழ்ச் சனலில் நாடகம் பார்க்கவேண்டும். அப்பாவுக்கு வானிலைச் சனல். நாள் முழுதும் பனி, மழை, காற்று என்று வரைபடம் காட்டும் அந்தச் சனலை அப்பா பார்த்ததுபோல இந்த நாட்டில் பிறந்தவர்கள்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். லொறிக்காரனுக்கு இது தொழில் என்பார். ஆடி வெயிலிலும் அதே தொழில்தான்.

"கொஞ்சத்துக்கு முதல் சொன்ன பனி இப்ப மாறியே போச்சு? யன்னலைத் திறந்து பாருங்கோவன், தெரியும்" என்பார் அம்மா.

"உந்த நாடகத்திலை அவள் மாமியாரிட்டைப் பேச்சு வாங்கிறதை எத்தினை மாசமாப் பாக்கிறீர்? இண்டைக்கு மட்டும் திருப்பிப் பேசவே போறாள்?" என்பார் அப்பா.

இதிலிருந்து தொடங்கி, அம்மாவின் தம்பி அவர்களின் கலியாணத்தன்று என்ன சொன்னான், அப்பாவின் தமக்கை எந்தச் சேலையைத் திருப்பித் தரவில்லை என்றெல்லாம் போய், கடைசியில் றிமோட் யாருடைய கையில் இருக்கிறதோ அவருக்கே வெற்றி.

இதையெல்லாம் நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் பெற்றோர் அந்த வருடம்தான் பிரிந்தார்கள். ஒரு கிழமை தாயுடன், மறுகிழமை தகப்பனுடன் என்று அவள் இரண்டு பல்துலக்கிகளோடு வாழ்ந்தாள். எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். முதலில் சின்னச் சின்ன விஷயத்துக்குச் சண்டை பிடிப்பார்கள் என்றாள். அன்று பின்னேரம் ஹோலில் சேலைக் கதை தொடங்கியபோது, நான் யாருடன் இருப்பேன், என் கட்டில் எந்த வீட்டுக்குப் போகும் என்று யோசித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன்.

வழி காட்டியவன் பெரியம்மாவின் மகன். கொலிஜில் படித்துக்கொண்டிருந்த அந்த அண்ணாதான் எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்கு வைத்தியன். ஒருநாள் அதைத் திறந்து தூசி தட்டும்போது, உள்ளே வெறுமையாக இருந்த ஓர் இடத்தைக் காட்டி, இதற்குள் ஓர் அட்டையைச் செருகினால் இதிலேயே தொலைக்காட்சி பார்க்கலாம் என்றான். அவன் பேச்சுவாக்கில் சொன்னதுதான். எனக்கோ கும்பிடலாம் போல இருந்தது. இரண்டாவது தொலைக்காட்சி என்று கேட்டால் வீட்டில் விரட்டுவார்கள். ஆனால் கொம்பியூட்டர் என்பது படிப்பு. படிப்புக்கென்று கேட்டால் எங்கள் வீட்டில் யானையும் வாங்கித் தருவார்கள்.

அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. கடை விளம்பரத் தாள்களை வெட்டி வைத்தேன். நூலகத்தில் கொம்பியூட்டர் சஞ்சிகைகளை விளங்காமலே வாசித்தேன். அட்டையாக உள்ளே செருகுவது ஒன்று, வெளியே வயரில் தொங்குவது ஒன்று, றிமோட் உள்ளது, இல்லாதது என்று வகைகள் இருந்தன. எங்களுக்கு வேண்டியது எதுவென்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அம்மா மவுஸைத் தொடமாட்டார். தொட்டால் என் படிப்பெல்லாம் அழிந்துபோகும் என்று பயம். ஆகவே றிமோட் இல்லாத அட்டை எனக்குக் குப்பை.

அப்பாவிடம் விஞ்ஞான நிகழ்ச்சிகள் பார்க்கவேண்டும் என்றேன். ஒரு கிழமை ஒற்றைக்காலில் நின்றேன். சனிக்கிழமை அவர் நித்திரையையும் பாதியில் விட்டுவிட்டு, ஸ்காபரோவிலேயே ஒரு பிளாசாவுக்குள் இருந்த சின்னக் கொம்பியூட்டர் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார்.

"ஜப்பான் சாமானோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். அப்பாவின் முகம் வாடியது. பிறகு ஒவ்வொரு கையிலும் ஒரு பெட்டியை வைத்து நிறை பார்த்தார். "உது பாரமா இருக்கு. பாரமானதுதான் நிண்டு பிடிக்கும்" என்று இடது கைப் பெட்டியை நீட்டினார். அதில் றிமோட் இல்லை.

நான் வலது கைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"படிக்கிறதுக்கு என்னத்துக்குப் பிள்ளை றிமோட்?"

"நான் கொப்பியிலை எழுதேக்கை தூரத்திலை இருந்து சத்தத்தைக் குறைக்கலாம் அப்பா."

அப்பா பெட்டியை மெல்ல இழுத்துப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை. கடைக்காரர் இடையில் புகுந்து, உங்கள் வீட்டில் வயர் சுவரிலிருந்து நேரே வருகிறதா, அல்லது கேபிள் பெட்டி வழியாக வருகிறதா என்று கேட்டார். எங்களிடம் பெட்டியே இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். தமிழ்ச் சனல் அந்தப் பெட்டிக்குள்ளால்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் அவர் சொன்ன எதையும் நான் காதில் வாங்கவில்லை. வெற்றியோடு வீடு வந்தேன்.

மறுநாள் பின்னேரம் அண்ணா வந்து அட்டையைச் செருகி, கேபிள் பெட்டியிலிருந்து வந்த வயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தொலைக்காட்சிக்கும் மற்றதைக் கொம்பியூட்டர் இருந்த அறைக்கும் இழுத்தான். அம்மாவைக் கதிரையில் இருத்தி, கையில் றிமோட்டைக் கொடுத்தேன். நாடகம் தொடங்கியது. "அட, முகமெல்லாம் வடிவாத் தெரியுது" என்று அம்மா தேத்தண்ணியை வாயில் வைத்தார். கதாநாயகி அழுதுகொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து அவளைக் காணவில்லை. ஒன்ராறியோ மாகாணம் முழுதும் நீலமாகத் திரையில் விரிந்தது.

ஹோலில் அப்பா சனலை மாற்றியிருந்தார்.

"இஞ்சேருங்கோ! உங்கை என்னத்தை அமத்தினனீங்கள்?"

"நான் என்ரை ரீவியைப் பாக்கிறன். உமக்கென்ன?"

அம்மா எழுந்து ஹோலுக்குப் போய் மாற்றிவிட்டு ஓடிவந்தார். நாடகம் வந்தது. திரும்பவும் பனி வந்தது. இப்போது சண்டை சுவரைத் தாண்டி நடந்ததால் சத்தம் இரண்டு மடங்கு. அண்ணா சிரிப்பை அடக்கமுடியாமல் சுவரோடு சாய்ந்தான்.

"சித்தி, ஒரு பெட்டிக்கு ஒரு சனல்தான். தட்ஸ் இற், அவ்வளவுதான். சித்தப்பா எதைப் போடுறாரோ அதுதான் உங்களுக்கும்."

கடைக்காரர் சொல்ல வந்ததும் இதைத்தான். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் விடுவதாக இல்லை. வேறு வழி சொல்லு, வேறு வழி சொல்லு என்று அண்ணாவின் கையைப் பிடித்து உலுக்கினேன். சுவரிலிருந்து வரும் வயரைப் பெட்டிக்கு முன்னாலேயே பிரித்து நேரே கொம்பியூட்டருக்குக் கொடுத்தால் சாதாரணச் சனல்கள் எல்லாம் வரும் என்றான். தமிழ்ச் சனல் வராது. வானிலை வரும்.

அப்படியென்றால் இடம் மாறவேண்டியவர் அப்பாதான். அவரிடம் போய்ச் சொன்னேன். மறுப்பார் என்று வாதங்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் உடனே எழும்பினார்.

"சரி, நான் போறன். உன்ரை அம்மா ராசாத்தி ஹோலிலை இருக்கட்டும்."

அதன்பிறகு வீட்டில் சண்டையே இல்லை. பின்னேரம் அம்மா ஹோலில் நாடகத்தோடும், அப்பா அறையில் வரைபடத்தோடும் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் உப்புப் போதுமா, போதும் என்பதோடு பேச்சு முடிந்தது. நான் நடுவில் இருந்த படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தேன். அவ்வளவு அமைதியாக எங்கள் வீடு அதுவரை இருந்ததில்லை. என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. பக்கத்தில் இருந்தவளிடம், எங்கள் வீட்டுப் பிரச்சினையை நான் தீர்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஒரு பின்னேரம் குளித்துவிட்டு இறங்கி வருகிறேன், ஹோலில் நாடகம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் ஆளில்லை. அறைக்குள் சத்தம். எட்டிப் பார்த்தால், அம்மா சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உதென்ன, ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுறாங்கள்? உதுக்கொரு சனல், அதைப் பாக்க ஒரு மனிசன்."

"உமக்குத்தானே நாடகம் கிடக்கு. உம்மை ஆர் இஞ்சை வரச் சொன்னது?"

"ஏன், நான் இருக்கக்கூடாதோ? உங்கடை அக்காவின்ரை வீடே இது?"

சேலை வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வந்தது. அந்த அட்டைக்காக நான் பட்ட பாடெல்லாம் வீணாகப்போனது. "அம்மா, உங்கடை நாடகம் போகுது" என்று கத்தினேன். "அது போகட்டும் பிள்ளை" என்றார் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அப்பா வேலைக்குப் புறப்பட்டு வாசலில் சப்பாத்து நாடா கட்டும்போது, அவருக்கு முன்னால் போய் நின்றேன். ஆளுக்கொரு சனல் எடுத்துத் தந்த பிறகும் ஏன் சண்டை பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை போல இருந்தது.

"ஆர் சண்டை பிடிச்சது? நானும் அம்மாவும் கதைச்சுக்கொண்டெல்லோ இருந்தனாங்கள்."

என் தலையைத் தடவிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அப்பா முதன்முறையாக என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்று நினைத்து, லொறிக்குப் போகும் அவரை யன்னலால் பார்த்துக்கொண்டே அழுதேன்.