மூன்று வினாடி

நான்கு வருஷம் ஒரு கம்பெனிக்காகப் போட்டிகளில் நீந்தினேன். வேலையே அதற்காகத்தான் கொடுத்திருந்தார்கள். வலது தோள் போனதும் மரியாதையும் போயிற்று. தோள் போனவனைக் கிடங்கில் பெட்டி தூக்க அனுப்பினார்கள், புத்திசாலிகள். வேலையை உதறிவிட்டேன். அறுபதுகளின் நடுவில், தாராவியிலிருந்து தினமும் நடந்தே மாட்டுங்காவுக்குப் போய், ஒரு கிளப் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு இருபத்தேழு வயது.

வந்தவர்களில் பாதிப் பேர் தொப்பை கரைக்க வந்தவர்கள். உருப்படியாக நீந்தியவள் ஒரே ஒருத்தி. பதினேழு வயதுப் பெண். அவள் அப்பா கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா. நல்ல மனிதர்தான், ஆனால் சொந்தக்காரர்களின் வாய்க்குப் பயந்தவர். அந்த வருஷம் மாநில அணிக்கு எடுக்கும் மூவரில் அவள் வந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் குடையும் கையுமாக வந்து, நூறு மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று என்னிடம் கேட்பார்.

ஒரு ஞாயிறு அவர் பொறுமை இழந்தார்.

“இன்னிக்கும் கொறையலேன்னா இதோட நிறுத்திக்கலாம் சார். எதுக்கு இழுத்துண்டே போறது?”

கடிகாரத்தில் பழைய நேரமேதான் இருந்தது. என் நாக்கில் சனி உட்கார்ந்தது. மூன்று வினாடி குறைத்துச் சொன்னேன். அவள்மேல் இரக்கப்பட்டுச் சொன்னதாகப் பல வருஷம் எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். அவளும் போய்விட்டால் என் மாணவி என்று நான் பெருமை பேச ஆளில்லை, அதுதான் நிஜம். தண்ணீரில் நின்றபடி அவளும் அதைக் கேட்டாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் அதைத் திருத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் அதே மூன்று வினாடியைத் திருட வேண்டியதாயிற்று. அவளும் உயிரைக் கொடுத்து உழைத்தாள். நிஜ நேரமும் கொஞ்சம் இறங்கியது. எப்படியும் எட்டிப்பிடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

நீந்தியே வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தன் நேரம் இன்னது என்று எதை நம்புகிறாளோ, அதற்குத் தகுந்தபடிதான் ஒருத்தி மூச்சைப் பங்கிடுவாள். தேர்வு நாளில் குளத்தை நான்கு முறை கடக்க வேண்டும். முதல் தடவையிலேயே எல்லோரையும் விட்டு முன்னால் போனாள். அப்பா கைதட்டினார். வேகத்தைக் குறை என்று நான் கரையிலிருந்து கத்தினேன். அது அவள் காதில் விழவே இல்லை. மூன்றாவது தடவை கைகள் தளர்ந்தன. கடைசியில் நீந்தினாள் என்றே சொல்ல முடியாது. ஐந்தாவதாக வந்தாள்.

மூன்றாவதாக வந்த பெண்ணின் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தேன். அந்த வாரம் என் மாணவி நிஜமாகவே எடுத்த நேரத்தைவிட அது ஒரு வினாடி அதிகம். அவள் தன் சொந்த வேகத்தில் போயிருந்தாலே போதும். அந்தக் கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டார். துண்டைப் போர்த்திக்கொண்டு என்னிடம் வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“மன்னிச்சுக்கோங்கோ சார். ப்ராக்டிஸ்ல வந்த டைம்கூட எனக்கு வரலை.”

பரவாயில்லை என்று சொல்லி, அவளை மன்னித்து அனுப்பினேன்.