செடி நின்ற மூலை

முடி வெட்டிக்கொள்ளப் போனவர் திரும்பி வரவில்லை. இடது பக்கம் முடிந்தது, கொஞ்சம் இப்படித் திரும்புங்க என்று சலூன்காரர் சொன்னபோது அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தால் தூங்குகிற மாதிரிதான் இருந்ததாம். வேலை பார்க்கும் ஊரிலிருந்து ஓடி வந்த மகளின் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பாதி வெட்டிய தலை. அழுகை வரவில்லை. யாராவது மறுபக்கத்தையும் வெட்டிவிட்டால் தேவலை என்று மட்டும் தோன்றியது. சலூன்காரரே கத்தரிக்கோலோடு வந்து, யாரையும் கேட்காமல், மீதியை வெட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் சரியாகக் காதில் ஏறவில்லை. பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெல்ல மெல்ல வீடு காலியானது. அம்மா, மாமா, அவள் என்று மூன்று பேர் மிஞ்சினார்கள். கூடவே அந்தக் கேமரா.

அப்பா ஒளிப்பதிவாளர். சினிமா விளம்பரங்களில் பெயர் வருகிற ரகம் இல்லை. கல்யாணங்கள், கடைகளுக்கான சின்ன விளம்பரங்கள், கையில் கதையும் கண்ணில் கனவுமாக வருகிற பிள்ளைகளின் குறும்படங்கள் எடுப்பார். ஆனால் கையில் இருந்தது நிஜமான சினிமா கேமரா. டிஜிட்டல், கனமானது, பழையது. அதை யாருக்கும் தனியாக வாடகைக்குத் தந்ததில்லை. கேமரா வேண்டும் என்றால் நானும் வருவேன் என்பார். "இவர்கிட்ட கேமரா கேட்டா புருஷன் பொண்டாட்டி மாதிரி ஜோடியாத்தான் வர்றாங்க" என்று டைரக்டர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்த ஜோடியோடு மூன்றாவதாக ஒரு பிளாஸ்டிக் செடியும் போகும். அகலமான கரும்பச்சை இலைகள் உள்ள தொட்டிச் செடி. வேனில் அதற்கென்று ஒரு சீட், சீட் பெல்ட் உட்பட. எந்தக் காட்சியானாலும் திரையின் இடது கீழ் மூலையில், கேமராவுக்கு மிக அருகே, அந்தச் செடியின் இலைகள் மங்கலாகத் தெரியும். செடி வைக்க வழியில்லாத இடத்தில் ஒரு நாற்காலியின் முதுகோ, கருப்புக் கோட்டு போட்ட யாரோ ஒருவரின் தோளோ இருக்கும். வட்டாரத்தில் அவருக்குச் செடிக்காரர் என்றே பெயர். சென்டிமென்ட் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தொழிலில் ஒருத்தர் பச்சைச் சட்டை போடாமல் முதல் ஷாட் வைக்கமாட்டார், இன்னொருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பட்டனை அமுக்குவார். இவருக்குச் செடி. அவரும் மறுத்ததில்லை.

செடியைத் தூக்குவது மாமாவின் வேலை. அம்மாவின் தம்பி, அப்பாவின் ஒரே உதவியாளர். "எத்தனை ஹீரோ வந்தான், போனான். எல்லாப் படத்திலயும் நடிச்சது இது ஒண்ணுதான். வசனம் குடுத்தா இந்நேரம் பெரிய ஆளாயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தூக்குவார்.

அவர்தான் பேச்சை எடுத்தார்.

"பாப்பா, கேமராவைச் சும்மா வெச்சிருந்தா வீணாப் போயிடும். நான் தொழிலைத் தொடர்ந்து பண்றேன், ஆனா இதை வெச்சு முடியாது. எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு லேட்டஸ்ட் மாடல் எடுத்துக்கலாம். கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலையில வந்து செக் பண்ணிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போறாராம்."

"அவர் ஆசை ஆசையா வாங்கினதுடா" என்றாள் அம்மா.

"வாங்கிக் குடுத்தது யாரு அக்கா? நான்தானே. என் ஃப்ரெண்டு கம்பெனியை மூடிட்டு வெளிநாடு போறப்ப, அவன்கிட்ட நேர்ல பாத்து, பேசி, தூக்கிட்டு வந்தேன். செகண்ட் ஹேண்டுன்னு யாராவது சொல்ல முடியுமா? இத்தனை வருஷத்துல ஒரு கோளாறு உண்டா?"

அது வாஸ்தவம். மாமா அதுவரை தொட்ட எதுவும் துலங்கியதில்லை. செல்போன் கடை, கூரியர் ஏஜென்சி, யாரோடோ கூட்டுச் சேர்ந்து ஒரு கோழிப்பண்ணை என்று எல்லாவற்றிலும் கையைச் சுட்டுக்கொண்டவர். அவர் வாழ்க்கையில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அந்தக் கேமராவை வாங்கித் தந்தது. அந்த வாரமே அப்பா அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு வீட்டில் மாமாவுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

எக்ஸ்சேஞ்ச் யோசனை அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. அப்பாவோடு கடைசியாகப் பேசியதே அதைப் பற்றித்தான்.

"கம்பெனிக்காரனே பழைய கேமராவுக்குப் புது சென்சார் போட்டுத் தர்றானாம்மா. அப்கிரேட். போட்டுடலாமா?"

"எதுக்குப்பா? உள்ள இருக்கிற மத்த போர்டெல்லாம் பழசுதானே. புது சென்சார் குடுக்கிற டேட்டாவைத் தாங்காது, சூடாகும். பேசாம எக்ஸ்சேஞ்ச் பண்ணிடுங்க."

"பாக்கலாம்" என்றார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லுதான் சென்சார்; எக்ஸ்ரே இயந்திரங்களுக்குப் போகும் சென்சார்களைச் சோதிப்பது அவள் வேலை. அதனால் அந்த போன் பேச்சில் ஒரு வாத்தியாரம்மா தோரணை இருந்திருக்கும். அப்பா இப்படி எத்தனையோ முறை எக்ஸ்சேஞ்சைத் தட்டிக்கழித்திருக்கிறார். பிடிவாதம் என்று வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலை, கடைக்காரர் வருவதற்குள் கேமராவைத் துடைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அப்பாவின் அறைக்குப் போனாள். அங்கே ஒரு சுவரில் மட்டும் ஆணி கிடையாது, காலண்டர் கிடையாது. வெறும் வெள்ளை. அதில் எதையும் மாட்டவிடமாட்டார். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, அந்தச் சுவரைப் பார்க்க வைத்து, மானிட்டரை இணைத்தாள்.

இடது கீழ் மூலையில் ஒரு கீறல்.

லென்ஸில் தூசி என்று நினைத்துத் துடைத்தாள். போகவில்லை. லென்ஸை மாற்றினாள். கீறல் இருந்த இடத்திலேயே இருந்தது. மானிட்டரைக் கழற்றிவிட்டு, கேமராவிலேயே இருக்கும் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தாள். அங்கேயும் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். லேசாக வளைந்த ஒரு கோடு, நெடுகிலும் செத்துப்போன கரும்புள்ளிகள். மேடையில் சுற்றுகிற லேசர் விளக்கு நேராக லென்ஸுக்குள் ஒரு கணம் புகுந்தால் போதும், சென்சார் இப்படித்தான் வெந்துபோகும். வெளிச்சமான எதன் மேலும் அது தெரியும். இருட்டான ஒன்றின் மேல் தெரியாது.

கரும்பச்சை இலைகளின் மேல் தெரியாது.

செடி அறை மூலையில் நின்றது. அதைப் பார்க்க முடியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

எப்போது பட்டிருக்கும்? ஏதாவது கல்யாண மேடையிலா? அப்பா எதையும் அழிக்கிற ஆள் இல்லை. ஹார்டு டிஸ்குகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. முதல் டிஸ்கை எடுத்து, இந்தக் கேமராவில் எடுத்த முதல் காட்சியை ஓடவிட்டாள்.

வீட்டுக் கூடம். கேமரா வந்த அன்று. மாமா ஒல்லியாக, நடுவில் நின்று, சினிமா ஹீரோ மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். பள்ளிச் சீருடையில் அவள் பின்னால் நின்று பல்லைக் காட்டுகிறாள். அம்மா சொல்கிறாள்: "இப்பத்தான் என் தம்பி உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கான். இனிமே அவனை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது." படத்துக்கு வெளியே அப்பா சிரிக்கிற சத்தம். இடது கீழ் மூலையில், வெளிறிய தரையின் மேல், அதே வளைந்த கோடு.

அடுத்த காட்சி: வெள்ளைச் சுவர்.

அதற்கடுத்தது: அதே சுவர், வேறு லென்ஸ். அதற்கடுத்தது: சுவர், பெரிதாக்கி. சற்றுமுன் அவள் செய்த அதே சோதனைகள், அவள் செய்த அதே வரிசையில். நாலாவது காட்சியில் சுவர் வெகுநேரம் அசையாமல் நிற்கிறது. ஒரு மனிதர் மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது: "என்னங்க, கேமரா எப்படி இருக்கு?"

மூச்சு ஒரு முறை நின்று, பிறகு வருகிறது.

"பிரமாதம்" என்கிறார் அப்பா.

ஐந்தாவது காட்சியில் இலைகள் வந்துவிட்டன.

அவள் திரையை அணைத்தாள். கத்தரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குகிற மனிதர். அவரை யாரும் ஏமாற்ற முடியாது என்பது அம்மாவின் பெருமை. வாழ்க்கையில் வாங்கிய மிகப் பெரிய பொருளில் ஏமாந்துபோய், மச்சானைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல், பதிலுக்கு ஒரு செடியைக் கொடுத்துத் தூக்கச் சொல்லியிருக்கிறார். அவள் ஒற்றைப் புள்ளி செத்திருந்தாலே சென்சாரைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போடுகிறவள். அவள் அப்பா இந்த மூலையை ஒதுக்கிவிட்டு, மீதி இடத்தில் ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் அழகாகக் காட்டியிருக்கிறார். எக்ஸ்சேஞ்ச் என்றால் கடைக்காரன் முதலில் சுவரைத்தான் காட்டச் சொல்வான். பக்கத்தில் மாமா நிற்பார்.

புது சென்சார் போட்டால் யாருக்கும் தெரியாது. அதைத்தான் கேட்டிருக்கிறார். போட்டுடலாமா என்று.

வாசலில் மாமாவின் குரல் கேட்டது. "வாங்க சார், வாங்க. பாத்தீங்கன்னா அசந்துடுவீங்க, கண்ணுல ஒத்திக்கலாம்."

கடைக்காரர் கையில் பையோடு அறைக்குள் வந்தார். சம்பிரதாயத்துக்கு ரெண்டு வார்த்தை துக்கம் விசாரித்துவிட்டு, "ரொம்ப நேரமாகாதும்மா. அந்த வெள்ளைச் சுவரைக் கொஞ்சம் காட்டுங்க, போதும்" என்றார்.

அவள் எழுந்து கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"குடுக்கிறதா இல்லைங்க. மன்னிச்சிடுங்க."

"என்ன பாப்பா விளையாடறே?" என்றார் மாமா.

"இதையே அப்கிரேட் பண்ணிக்கலாம் மாமா. புது சென்சார்."

"நீதானே அது வேஸ்டுன்னு அத்தானுக்கு போன்ல கிளாஸ் எடுத்தே? 'எஞ்சினியரம்மா கூடாதுங்கறாங்க மாப்பிள்ளே'ன்னு அன்னைக்குப் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே."

அவர் சிரித்தது அவளுக்குத் தெரியாது.

"நான் சொன்னது தப்பு."

கதவருகே நின்ற அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மகள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

"இவரை எதுக்கு வரச் சொன்னேன் நான்? என் மானம் போகுதா இல்லையா?" என்றார் மாமா.

"போகாது மாமா" என்றாள்.

கடைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மாமா ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை டீயை அவள் முன்னால் நங்கென்று வைத்தார். சமாதானம் என்று அர்த்தம்.

கேமராவைப் பிரித்த சர்வீஸ் சென்டர் பெண் போன் செய்தாள். "மேடம், இதுல லேசர் பட்டிருக்கு. ரொம்பப் பழைய காயம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி இத்தனை நாள் ஓட்டினீங்க?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. "பழைய சென்சாரைத் திருப்பி அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பார்சல் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், மாமா அதைப் பிரித்து உட்கார்ந்திருந்தார். புது சென்சாரோடு கேமரா மேஜையில். பழைய சென்சார் அவர் உள்ளங்கையில், சின்னச் சதுரக் கண்ணாடியாக. அவள் கதவிலேயே நின்றுவிட்டாள். மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வெறும் கண்ணுக்கு அந்தக் கீறல் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

"எவ்வளவு வருஷம் உழைச்சிருக்கு" என்றார் மாமா. "பளபளன்னு எப்படி இருக்கு பாரு. நீயும்தான் இதையே தொழிலாப் பாக்கிறே. சொல்லு, இதுல ஒரு குறை சொல்ல முடியுமா?"

அவள் வாங்கி, விளிம்பைப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தி, நிதானமாகப் பார்த்தாள். வேலையில் பார்ப்பது போலவே.

"முடியாது மாமா."

"அதான்" என்றார் அவர். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டுபோய், செடித் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தார்.