அண்டா கீறிய தொட்டி

காளிகாட்டில் எங்கள் வாடகை வீட்டுக் குளியலறையில் பழைய இரும்புத் தொட்டி ஒன்று உண்டு. அதில் படுத்துக் குளிக்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை. உள்ளே பித்தளை அண்டாவை வைத்து, மொண்டு குளித்தோம். அண்டாவை இழுத்து இழுத்து எனாமல் உரிந்து, துரு ஏறிவிட்டது. வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் ஆளைக் கூப்பிட்டுப் புதுப்பூச்சு அடித்தோம்.

பூச்சின் நெடி மாடி முழுக்கப் பரவியது. காயும்வரை தண்ணீர் படக்கூடாதாம். எதிர்வீட்டு வங்காளப் பெண்மணி கதவைத் தட்டியதும், சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாங்கள் சைவம், அவர் மீன் வறுக்கும்போதெல்லாம் ஜன்னலைப் படாரென்று சாத்துகிறவள் நான்.

"தீதி, குளிக்க என்ன பண்ணுவீங்க? எங்க வீட்டுக்கு வாங்க," என்று அக்கா முறை சொல்லி அழைத்தார்.

போனேன். அவர்கள் வீட்டுத் தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். சமையலுக்கு வாங்கி வழக்கமாக அதில் நீந்தவிடும் உயிர்மீன்கள், சமையலறையில் ஒரு வாளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"உங்களுக்கு ஆகாதே, அதான் மாத்திட்டேன்," என்றார். எங்கள் நெடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது எங்கள் தொட்டி பளபளக்கிறது. அண்டாவுக்கு அடியில் சாக்கு விரித்திருக்கிறேன். நேற்று எதிரே மீன் வறுபடும் வாசனை வந்தது. ஜன்னலைச் சாத்த எழுந்த கணவரிடம், "இருக்கட்டும், விடுங்க," என்றேன்.