எரிபெர்த்தோவோடு உட்கார்ந்திருந்த நெரெய்தா

பாரஓனா ஊரின் கடற்கரைச் சாலையில் மீனும் வாழைக்காயும் பொரித்து விற்கும் நெரெய்தாவிடம் விசுவாசத்துக்கும் பஞ்சமில்லை, வாய்க்கும் பஞ்சமில்லை. ஆராதனையில் அவள் அல்லேலூயா போட்டால் வாசலில் தூங்கும் நாய் எழுந்து ஓடும். பிரசங்கம் நீண்டால், "பாஸ்டரய்யா, என் எண்ணெய் காயுது" என்று எழுந்து போய்விடுவாள்.

ஒரு மதியம் எரிபெர்த்தோ கடைக்கு வந்தான். மோட்டார் சைக்கிளில் ஆட்களை ஏற்றிப் பிழைத்தவன். சபைப் பாட்டுக்குக் கீரா வாசிப்பவன். துருவி மாதிரி இருக்கும் அந்தத் தகரக் குழாயை அவன் கம்பியால் சுரண்டினால் கிழவிகளுக்கும் இடுப்பு ஆடும். விபத்தில் கால் முறிந்ததிலிருந்து தொழிலும் இல்லை, தூக்கமும் இல்லை. கீராவை மேசைமேல் வைத்தான்.

"வேற யாராவது வாசிக்கட்டும்க்கா. எனக்கு இனிமே இது வேண்டாம்."

வேறு நாளாக இருந்தால், "நல்லவேளை, என் காது பிழைச்சுது" என்றிருப்பாள். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"தம்பி, நேராவே கேக்கறேன். செத்துடலாம்னு நினைக்கிறியா?"

அவன் கடலைப் பார்த்தான். "ஆமாக்கா."

கேட்டதே தப்போ என்றுகூட அவளுக்கு இருந்தது. ஆனால் இறுகியிருந்த அவன் தோள்கள் தளர்வதைப் பார்த்தாள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா எனக் கேட்டாள். அதற்கும் பதில் வைத்திருந்தான், வீட்டில் பொருளும் வைத்திருந்தான்.

"சரி, அது முதல்ல உன் வீட்டைவிட்டு வெளிய போகணும். வா."

அவனோடு நொண்டி வேகத்தில் நடந்துபோய், அதை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பூட்டி வைக்கக் கொடுத்தாள். பிறகு பாஸ்டர் அபிமயேலுக்குப் போன் போட்டாள். அவர் வேனில் வந்தார், வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"சகோதரா, தன்னையே மாய்ச்சுக்கறது பெரிய பாவம். நரகத்தை நினைச்சுப் பாரு."

"அவன் அங்கதான் குடியிருக்கான் ஐயா, நீங்க வழி சொல்ல வேண்டாம்" என்றாள் நெரெய்தா. "வண்டியில பெட்ரோல் இருக்கா? ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

பாஸ்டர் வாயை மூடினார். இருபது வருஷத்தில் அவரை யாரும் பாதிப் பிரசங்கத்தில் நிறுத்தியதில்லை. சாவியைத் திருப்பியவர், தயங்கித் தயங்கி, "நான் ஜெபிக்கலாமா?" என்றார்.

"தாராளமா. கண்ணை மட்டும் மூடிடாதீங்க, லாரி வருது."

ஆஸ்பத்திரி பெஞ்சில் மூவரும் காத்திருந்தார்கள். எரிபெர்த்தோ மெல்லக் கேட்டான்: "கர்த்தர் என்மேல கோவமா இருப்பாராக்கா?"

பாஸ்டருக்கு வசனம் நாக்குநுனி வரை வந்தது. நெரெய்தாவின் பார்வையைக் கண்டதும் விழுங்கிக்கொண்டார். அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"கர்த்தாவே, இவனைப் படைச்சது நீர். படைச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னா எப்படி? இவனுக்குத் தூக்கம் குடும். அந்த டாக்டரம்மாவைக் கொஞ்சம் சீக்கிரம் வரச்சொல்லும். இவன்மேல கோவம் இருந்தா என்கிட்ட வாரும், பேசிக்கலாம். ஆமென்."

எரிபெர்த்தோவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. பாஸ்டர் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தபடி, "நானும் ஒருகாலத்துல இப்படி நினைச்சிருக்கேன்டா" என்றார். அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இத்தனை வருஷப் பிரசங்கத்தில் இதுதான் நல்ல பிரசங்கம் என்று நெரெய்தாவுக்குத் தோன்றியது. ஆச்சரியமாக, அதை அவள் சொல்லவில்லை.

டாக்டரம்மா அவனைச் சில நாள் அங்கேயே தங்கவைத்தாள், மாத்திரை கொடுத்தாள், வாராவாரம் வந்து பேசச் சொன்னாள். அழைத்துப் போகும் பொறுப்பைப் பாஸ்டர் ஏற்றுக்கொண்டார். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. நல்ல நாளும் வந்தது, மோசமான நாளும் வந்தது. மோசமான நாளில் கடைக்கு வந்து, "இன்னிக்கு மறுபடி அந்த நினைப்பு வருதுக்கா" என்று அவனே சொன்னான். நெரெய்தா டாக்டரம்மாவுக்குப் போன் போடுவாள், அவனுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போடுவாள், ஒரு சட்டி வாழைக்காயை அவன் மடியில் வைப்பாள்.

"தோலை மெல்லிசா சீவு தம்பி. போன தடவை பாதிக் காயையும் சேர்த்துச் சீவிட்டே."

பாஸ்டரின் வேன் வரும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சீவிக்கொண்டிருப்பார்கள்.