முகத்தில் காட்டாத வலி

தாராவியில் அந்தச் சந்துக்குள் யாருக்குப் பிள்ளைவலி வந்தாலும், டாக்சியைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது ஆறுமுகத்தாய்தான். டாக்டரில்லை, நர்ஸில்லை, இட்லி விற்பவள். ஆனாலும் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "சீக்கிரம் போனா வயித்தக் கிழிச்சிருவானுவ. பல்லக் கடிச்சிக்கிட்டு இரி. கடைசில போனாப் போதும்." சத்தம் போட்டு அழுதவர்களை அவள் பெண்களாகவே மதித்ததில்லை.

அந்த வாய்க்கு மாட்டுங்காவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பூட்டு விழுந்தது. ஒன்பதாம் மாதத்தில் மருமகள் மாரீஸ்வரிக்குப் பஞ்சுக் குச்சியால் எடுத்த சோதனையில் கிருமி இருப்பதாக வந்தது. எத்தனையோ பெண்களுக்கு இருப்பதுதான், யார் மேலும் தப்பில்லை, ஆனால் பிறக்கும்போது பிள்ளைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்றாள் டாக்டரம்மா. "வலி ஆரம்பிச்சதுமே வந்துடுங்கோ. பிரசவத்துக்கு நாலு மணி நேரமாவது முன்னாடி ஊசி போட்டாகணும்."

அன்றிலிருந்து ஆறுமுகத்தாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. இட்லித் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு ஓடி வருவாள். "ஏட்டி, வலிக்கா?" "இல்லத்தே." தண்ணீர் பிடிக்கப் போய்ப் பாதிக் குடத்தோடு திரும்புவாள். "இப்பவாது வலிக்கா?" மகன் நாகராஜ் சிரித்தான். "யம்மா, நீ கேக்க கேள்வியிலயே அவளுக்கு வலி வந்துரும்." அவள் முறைத்தாள். உள்ளுக்குள் பயம், சொல்லத்தான் வெட்கம்.

வியாழக்கிழமை மத்தியானம் மாரீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால்விரல்கள் மட்டும் பாயைக் கவ்விப் பிடித்திருந்தன. அந்தப் பிடி ஆறுமுகத்தாய்க்குத் தெரியும். முகத்தில் காட்டாதே, காலில் வாங்கிக்கொள் என்று சந்துக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்.

"எப்பருந்துட்டி?"

"காலைலருந்து, அத்தே. கொஞ்சம் பொறுத்துப் போனா ஊசியும் போட்டுக்கிடலாம், கத்தியும் வராதுன்னு... நீங்கதான சொல்லுவீய."

ஆறுமுகத்தாய் வாசலுக்கு ஓடினாள். "ஏ நாகராஜு! டாக்சி! ஜல்தி!"

ஊசி போட்டார்கள். ஆனால் நாலு மணி நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். இரண்டு நாள் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா. "பால் குடிக்காம, அழாம, துவண்டு கிடந்தா உடனே கூப்பிடுங்கோ."

பிள்ளை தூங்கியது. தூங்கிக்கொண்டே இருந்தது. ஆறுமுகத்தாய் உட்காருவாள், எழுந்திருப்பாள், தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவாள். "சத்தமே இல்ல, நல்ல பிள்ளை" என்று பக்கத்துக் கட்டில்காரி பாராட்டியபோது அவளை அறையலாம் போலிருந்தது.

குனிந்து பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினாள். "அழுட்டி, கண்ணு. ஊரு கேக்க அழு. ஆச்சி சொல்லுதேம்லா, வாயத் தொறட்டி!"

பிள்ளை முகத்தைச் சுருக்கியது. பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது. மாரீஸ்வரி மாரோடு அணைத்ததும் பாலுக்குத் தேடியது. ஆறுமுகத்தாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல், சத்தம் போட்டு அழுதாள்.